தூளுக்கும் இடம் வேண்டும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்ப்பவர்களுக்காக இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தபின் விழுங்க முடியவில்லை. மூக்குக் குழாய் (வயிற்றுக்குப் பால், மருந்து இறக்கும் மெல்லிய குழாய்) வழியாகத்தான் எல்லாம். பிறகு நிமோனியா (நுரையீரலில் கிருமி சேர்ந்து வரும் காய்ச்சல்). ஆஸ்பத்திரியில் தூள் மருந்துப் புட்டிகள் கொடுத்தார்கள். கலக்கினால் சில நாளில் கெட்டுவிடும் என்பதால், ஒவ்வொன்றாக வீட்டில் கலக்க வேண்டும். மருந்து கொடுத்த பெண் விளக்க வந்தாள். நான் விடவில்லை.

"இருபது வருசம் செம்பனைத் தோட்டத்துல புல்லு சாகடிக்கிற மருந்து பம்பு தூக்குனவம்மா நான். எனக்கா கலக்கத் தெரியாது?"

புட்டியில் 60 மில்லி என்றிருந்தது. பண்டார் தெங்காராவில் எங்கள் வீட்டுச் சமையலறையில், ஆறவைத்த தண்ணீரை அறுபது மில்லி அளந்து ஊற்றினேன். வேளைக்குப் பத்து மில்லி, நாளுக்கு மூன்று வேளை. இரண்டு நாளில் தீர வேண்டிய புட்டியில் ஒரு வேளை மருந்து மிச்சம். எனக்குப் பெருமைதான்.

காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. நான்காம் நாள் அவருக்கு மூச்சு இரைத்தது. மகன் காரில் ஏற்றி ஓடினோம்.

கையோடு கொண்டுபோன மிச்சப் புட்டியைப் பார்த்ததும், மருந்து கொடுத்த அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது.

"அறுபதுங்கிறது கலக்கி முடிச்ச அளவு பாட்டி. இதுக்குத் தண்ணி நாப்பத்தெட்டுதான், மீதி எடம் தூளுக்கு. உங்க கலவை எழுபத்திரண்டு ஆயிடுச்சு. ஒரு வேளைக்கு ஐநூறு மில்லிகிராம் போகணும். நானூறு சொச்சந்தான் போயிருக்கு."

"பம்புல தண்ணிதானேம்மா கணக்கு? மருந்து ஒரு மூடிதான்."

"அங்க புல்லு பொழைச்சா பரவால்ல லா. இங்க தாத்தா பொழைக்கணும்."

மகன் குனிந்துகொண்டான்.

அவரை வார்டில் சேர்த்து ஊசி மருந்துக்கு மாற்றினார்கள். "அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். அந்த இரக்கம் இன்னும் எனக்குக் கனக்கிறது.

சேர்த்த ஆறாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள், மறுபடி தூள் புட்டிகளோடு. முதல் புட்டியை அந்தப் பெண்ணின் எதிரிலேயே கலக்கிக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். தட்டித் தூளை உதிர்த்து, தண்ணீரைப் பாதிப் பாதியாக ஊற்றிக் குலுக்கினேன். ஒவ்வொரு மருந்துக்கும் தண்ணீர் அளவு வேறு. வெட்கப்படாமல் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இப்போது காய்ச்சல் இல்லை. முன்பெல்லாம் நெற்றியில் கை வைத்தாலே எனக்குத் தெரியும். இன்று கருவியில் பார்த்த பிறகுதான் கையை நம்புகிறேன். என் நாளும் விடியலில் தொடங்குவதில்லை. முதல் பத்து மில்லி அவருக்குள் இறங்கும்போதுதான் தொடங்குகிறது.

பேத்தி பிரியா பக்கத்தில் இருக்கிறாள். பிரியா, எழுதுனது சரியான்னு பாக்க இதை எனக்கு வாசிச்சுக் காட்டும்மா. எண் வர்ற எடத்துல மெதுவா வாசி. அதுல ஒண்ணு தப்புனாலும், இன்னொரு வீட்டுல யாரோ ஒருத்தருக்குள்ள எறங்கிடும்.