கன்றுக்கு அடுத்த இடம்

நேற்றுக் காலை பால் கறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. "அப்பா இனி இல்லை, அன்ரி," என்றாள் ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில். மாத்தறையிலிருந்து சுனிலின் மகள். அவர் நோயாய் இருந்தது தெரியும். ஆனாலும் மனம் ஆறவில்லை.

சுனில் எங்கள் நெடுந்தீவுக் கடற்படை முகாமில் சமையல்காரராக இருந்தவர். விடியுமுன் அடுப்பு, பிறகு காவல், உவர்த்தண்ணீரில் உடுப்புத் தோய்ப்பு. கடல் குழம்பிப் படகு நின்றால் விடுமுறையும் அதோடு போய்விடும். சீருடையைக் கண்டால் கதவைச் சாத்திப் பழகியவள் நான். அவருக்கு வேண்டியதோ எங்கள் கல்வேலி மட்டும்தான். அதன்மேல் ஏறி நின்றால்தான் அப்போது சிக்னல் கிடைக்கும்.

ஒவ்வொரு மாலையும் ஏறுவார். கைக்குழந்தையாக விட்டு வந்த மகளுக்குத் தகப்பன் முகம் பிடிபடவில்லை. திரையில் கண்டதும் அழுதுகொண்டு ஓடிவிடுவாள். "பிள்ளைக்கு நான் ஆரோ ஒரு ஆள், அக்கா," என்றார் ஒருநாள், சந்தையில் பொறுக்கிய தமிழில்.

எங்கள் தீவில் வேலிக்குச் சீமெந்து பூசுவதில்லை. கடற்கல்லை வெறுமனே அடுக்குவோம். அவர் மிதிக்க மிதிக்க அது சரிந்தது. ஒருநாள் அந்த இடைவெளியால் என் கன்று பாய்ந்தோடியது.

"பிடியும், பிடியும்! உம்மாலைதான் வேலி சரிஞ்சது!" என்று கத்தினேன்.

கையில் போனோடு துரத்தினார். அன்றைக்கென்று சிக்னலும் அறுபடவில்லை. கன்று கத்த, அவர் தடக்கி விழ, போனுக்குள் கலகலவென்று பிள்ளையின் சிரிப்பு. புழுதியில் இருந்தபடியே சுனில் அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

அதன்பிறகு பிள்ளை முதலில் கன்றைக் கேட்பாள், பிறகுதான் அப்பாவை. நான் கன்றை வேலியோரம் கட்டிவிடுவேன். "எனக்கு ரெண்டாம் இடம், அக்கா," என்பார், ஏதோ பதக்கம் வாங்கியவர்போல. சரிந்த கல்லையும் அவரே அடுக்கினார். கோணல்தான். "உமக்குச் சோறு மட்டும்தான் சரிவரும்," என்று பகிடி பண்ணுவேன். மாற்றலாகிப் போன பிறகும் வருசப்பிறப்புக்குத் தவறாமல் போன் எடுப்பார்.

நேற்றுச் செய்தி சொன்ன பிறகும் மகள் போனை வைக்கவில்லை. "அந்தக் கன்று இருக்கா, அன்ரி?" என்று கேட்டாள். அது இப்போது பேரப்பிள்ளை கண்ட கிழப்பசு. போனை அதன் வாயருகே பிடித்தேன். நல்ல காலம், கத்தியது. அழுகைக்குள்ளே அந்தப் பழைய சிரிப்பு கேட்டது.

விடுமுறைக்கு வருகிறாளாம், அப்பா நின்ற வேலியைப் பார்க்க. அந்தக் கோணல் கற்களை நான் திருத்தவேயில்லை.

நீர் போய் வாரும், சுனில் தம்பி. பிள்ளையை இறங்குதுறையிலிருந்து நான் கூட்டி வருகிறேன்.