முடக்கில் ஆடிய பைலா

அன்றைக்கு ரோடு வளைந்து திரும்புகிற அந்த முடக்கில் நின்றது நாங்கள் நாலே பேர்: நான், என் வீட்டுக்காரர், அக்கா மகள் கலா, காலையில் அவளுக்குத் தாலி கட்டிய மாப்பிள்ளை. கீழே, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகள் பக்கம் சிக்னல் கிடைக்காது. குவைத்தில் வீட்டு வேலை செய்கிற அக்காவுக்கு லீவு கொடுக்கவில்லை. அவளுக்குப் பொண்ணு மாப்பிள்ளையைப் போனில் காட்டத்தான் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தோம்.

வீடியோவில் அக்கா முகம் தெரிந்ததும், தோட்டத்துக் கல்யாணங்களில் அவள் விடாமல் ஆடுகிற அந்தப் பழைய பைலாப் பாட்டை என் வீட்டுக்காரர் போட்டார்.

"கொறைங்க, மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாங்க?" என்றேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான்.

"அம்மா பாக்குறாங்க சித்தி, ஆடுங்க!" என்று கலா கையைப் பிடித்து இழுத்தாள். ஆடினேன்.

அங்கே சமையலறையில், கையில் கரண்டியோடு அக்காவும் ஆடினாள். தோளைக் குலுக்கி, திரும்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திரும்பினாள்.

நாங்கள் நின்றதும், "முடிஞ்சிருச்சாடி?" என்று கிசுகிசுத்தாள். "மேடத்துக்குக் கேட்டுரும்னு போன்ல சத்தத்தை நிப்பாட்டி வச்சிருக்கேன். நீங்க ஆடுறதப் பாத்துத்தான் அந்தப் பாட்டுன்னு தெரிஞ்சுச்சு."

இப்போதும் ஹட்டன் பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டால், எவ்வளவு நெரிசல் என்றாலும் என் தோள் தானாக அசைகிறது. பக்கத்தில் அக்காவுக்குக் கொஞ்சம் இடம் விட்டு நிற்கத் தோன்றுகிறது.