ஆறு லயத்துக்கு ஆறு ஓட்டை

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அழகன் என்று ஒருத்தர் இருந்தார். பெயருக்கும் முகத்துக்கும் சம்பந்தம் கிடையாது, அதை விடுங்கள். பகலில் தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை. மிச்ச நேரமெல்லாம் ரேடியோ செட்டு. கல்யாணம், சடங்கு, சங்கக் கூட்டம், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டிவிட்டு, மைக்கைத் தட்டி, மலைக்கே கேட்கிற மாதிரி ஒரு செருமல் செருமுவார். கூலி கொடுக்காவிட்டாலும் அந்தச் செருமலுக்காகவே வந்திருப்பார். மனிதருக்கு அப்படி ஒரு கிறுக்கு.

வருஷத்தில் அவருக்குப் பெரிய நாள் மாரியம்மன் திருவிழா. அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள் ஆறு லயம். ஆறு லயத்து ஆட்களும் கோயிலுக்குச் சந்தா கொடுக்கிறார்கள். ஆகவே ஆறு லயத்துக்கும் தனித்தனியாக ஒரு குழாய், அந்தந்த வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இதில் விளையாட்டே கிடையாது. ஒரு வருஷம் காற்றில் குழாய் திரும்பி நாலாம் லயத்துக்கு முதுகைக் காட்டிவிட்டது. அம்மாளே முதுகைக் காட்டிட்டா, நாங்க எதுக்கு என்று நாலாம் லயத்தில் ஒருத்தரும் மாவிளக்கு எடுக்கவில்லை. அழகன் வீடு வீடாகப் போய்க் கும்பிட்ட பிறகுதான் சமாதானமானார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் இந்தப் பிழைப்புக்குள் கம்ப்யூட்டர் வந்து புகுந்தது. கேசட்டெல்லாம் பூஞ்சணம் பிடித்து இழுக்கிறது என்று அழகன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்துவந்து பாட்டையெல்லாம் அதில் ஏற்றினார். குழாயில் விட்டதும் பாட்டுக்குப் பின்னால் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல். அம்மனுக்கு அபிஷேகம் நடக்கிறதா, பேக்டரியில் கொழுந்து அரைக்கிறார்களா என்றே தெரியவில்லை. மவுசை அசைத்தால் 'கிரிச்' வேறு.

தோட்டத் தலைவர் வீரய்யா மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்: அடுத்த வருஷமும் இரைச்சல் கேட்டால் கினிகத்தேனையிலிருந்து வேறு செட்டு வரும். கோயில் செட்டு கையை விட்டுப் போனால் அப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்காரன் கூப்பிடுவான்? அழகன் வெறும் மருந்தடிக்கிற ஆளாகிவிடுவார். முதுகில் டாங்கி, வாயில் துணி, அவ்வளவுதான் வாழ்க்கை. அந்த நினைப்பிலேயே பாவம், மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

கொட்டகலையில் கணக்குப் படிப்பித்த கனகலிங்கம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கம்ப்யூட்டர் தெரிந்தவர். அவரிடம் போய் நின்றார். மாஸ்டர் கோளாறைச் சட்டென்று பிடித்துவிட்டார். சவுண்டு கார்டு பெட்டிக்குள்ளே மற்றச் சாமான்களோடு நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது, அதுகள் போடுகிற இரைச்சலெல்லாம் பாட்டில் ஒட்டிக்கொள்கிறது. வெளியே வயரில் மாட்டுகிற தனிப் பெட்டி ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்றார். கடைசியில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"தம்பி, வயர் மாட்ட ரெண்டு ஓட்டை உள்ளது காணும் உமக்கு. கனக்க ஓட்டை உள்ளதெல்லாம் வீட்டுக்குள்ள இருந்து படம் பாக்கிற ஆக்களுக்கு. அதில கையை வைச்சிடாதையும்."

வைத்தார்.

அட்டன் டவுனில் ஒரு கடையில் முதலாளி இரண்டு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சோப்புக் கட்டி அளவு, அதில் ரெண்டு ஓட்டை. மற்றது பளபளவென்று பெரிசு. திருப்பினால் பின்பக்கம் வரிசையாக ஆறு ஓட்டை. அழகனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆறு லயம், ஆறு ஓட்டை! இந்தத் தோட்டத்தை நினைத்துத்தான் எவனோ புண்ணியவான் செய்திருக்கிறான். வாத்தியாருக்குத் திருவிழாவைப் பற்றி என்ன தெரியும்? படம் பார்க்கவா, பாட்டுக் கேட்கவா என்று முதலாளி சிங்களத்தில் விசாரித்தார். அழகன் "கோவிலட்ட" என்றார். கோயிலுக்கு என்றதும் முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார், மேலே ஒன்றும் கேட்காமல் பெரிய பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் முதல் இரண்டு ஓட்டையில் வயரை மாட்டிப் பாட்டைப் போட்டார். இரைச்சல் போன இடம் தெரியவில்லை. அழகனுக்குக் கண் கலங்கியே விட்டது. மிச்ச நாலு ஓட்டையையும் ஒருதரம் கேட்டுப் பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை. பெட்டி ஒன்று, பாட்டு ஒன்று, எந்த ஓட்டையில் வந்தால் என்ன என்று இருந்துவிட்டார். இரவலுக்கு ஆம்பிளிபயர்கள் தேடிப்பிடித்து, திருவிழாவுக்கு முதல்நாள் ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு ஓட்டையிலிருந்து வயர் இழுத்தார். அஞ்சாவது ஓட்டை தலைவர் வீரய்யா குடியிருந்த அஞ்சாம் லயத்துக்கு. கடைசியில் மிஞ்சிய ஓட்டை, கடைசி லயமான ஆறாவதுக்கு. அழகனின் சொந்த லயம் அதுதான்.

மறுநாள் சாயந்தரம் நாலு மணிக்குக் கரகம் புறப்படுகிற நேரம். பாட்டை முடுக்கிவிட்டார். அவர் உட்கார்ந்திருந்த கொட்டகை ஒன்றாம் லயத்துக் குழாய்க்குப் பக்கம், அங்கே தேனாகத்தான் கேட்டது. ரெண்டாம் லயத்திலும் பழுதில்லை. மூன்றிலும் நாலிலும் யாரோ கிணற்றுக்குள் விழுந்து பாடுகிற மாதிரி இருந்தது. அஞ்சாம் லயத்தில் மேளமும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை, பாடுகிறவர் குரல் மட்டும் தன்னந்தனியாக வந்தது. வாசலில் பிச்சைக்காரர் நிற்கிறார் என்று தலைவர் சம்சாரம் சுண்டு நிறைய அரிசி கொண்டு வந்தாராம்.

ஆறாம் லயத்துக்குப் போன ஓட்டை வெறும் அடித்தொனிக்கு உள்ளது. அதைத் தர அதற்கென்றே பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். குழாயில் விட்டால் என்னத்தைக் கேட்கும்? பாட்டும் இல்லை, குரலும் இல்லை, அரைமணி நேரமாக 'புர்... புர்ர்' மட்டும். மரியாதையாகச் சொல்ல வழியில்லை, கம்பளிக்குள் ஒருத்தன் குசு விடுகிற சத்தம். அதுவும் கரகம் புறப்படுகிற புண்ணிய நேரத்தில்.

நாலு லயத்து ஆட்களும் கோயில் வாசலில் வந்து குவிந்துவிட்டார்கள். ஒன்றாம், ரெண்டாம் லயத்துக்காரன்கள் அழகனுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்து நல்ல பாட்டைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டான்கள் என்று ஒருவன் சொன்னான். சொன்னதுதான் தாமதம், அத்தனை பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வீரய்யா கரகத்தை நிறுத்திவிட்டு நேராகக் கேட்டார். அழகனுக்கே என்ன நடந்தது என்று தெரிந்தால்தானே சொல்லுவார்! திருவிழா பார்க்க வந்திருந்த மாஸ்டர் முன்னால் வந்து, பெட்டி பாட்டைப் பிரித்து ஓட்டைக்கு ஒரு துண்டாக அனுப்புகிறது, நடு ஓட்டை, பின் ஓட்டை, அடி ஓட்டை என்று விளக்கப் பார்த்தார். சேர், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க என்று அவரை ஓரம் கட்டிவிட்டார்கள். கினிகத்தேனைக்கு ஆள் அனுப்புங்க என்றார் தலைவர்.

அப்போதுதான் ஆறாம் லயத்துப் பெண்கள் ஏறி வந்தார்கள். முன்னால் மாதர் தலைவி பேச்சியம்மா, பக்கத்தில் அழகனின் மனைவி ராக்காயி, கையில் மாவிளக்கு. ராக்காயி கூட்டத்தைப் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை, நேராக அழகன் முன்னால் போய் நின்றாள்.

"காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்காம விரதம் இருந்து வாசல்ல நிக்கிறேங்க. நம்ம லயத்துக்கு மட்டும் குசுவா?"

பேச்சியம்மாதான் தலைவர் பக்கம் திரும்பினார்.

"தலைவரே, சாராயத்துக்குப் பாட்ட விக்கிறவன், சொந்தப் பொண்டாட்டி வாசல்லயா இதக் கட்டுவான்? இவன் கள்ளன் இல்லீங்க. சுத்த மடையன்."

யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரிக்க, ஆறு லயமும் சிரித்தது. தலைவர் மீசையைத் தடவிச் சமாளித்துப் பார்த்தார், முடியவில்லை. அதற்குள் மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் புகுந்து, எல்லா வயரையும் முதல் இரண்டு ஓட்டையிலேயே சேர்த்து முறுக்கிவிட்டார். ஆறு குழாயிலும் முழுப்பாட்டும் வந்தது. கரகம் புறப்பட்டது. செட்டு அழகன்கிட்டயே இருக்கட்டும், கள்ளன்கிட்டக் குடுக்கிறதுக்கு மடையன் மேல் என்று வீரய்யா கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அழகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மடையன் பட்டத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, கோயில் செட்டு தப்பியதே. சிரித்துக்கொண்டே ராக்காயியிடம் போய், பார்த்தாயா, பிழைத்துக்கொண்டோம் என்றார். அவள் சிரிக்கவில்லை. மாவிளக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீங்க மடையன்னு எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமா வெளிய தெரியாம வச்சிருந்தேன்."