பதினேழாவது எபிசோட்டில் அப்பாவின் குரல்

1. வேலை நின்ற சனிக்கிழமை

பதினேழாவது எபிசோட்டில் எங்கள் டப்பிங் வேலை நின்றது. அதற்கு முன் பதினாறு எபிசோட்டுகளைச் சண்டை சச்சரவு இல்லாமல் முடித்திருந்தோம். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல், மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம், அறையைச் சூடாக்கும் வெப்பக்குழாயில் தண்ணீர் ஓடும் ஓசை ஆகிய மூன்றையும் நான் சச்சரவில் சேர்க்கவில்லை. அவற்றைப் பற்றி நான் கவலைப்படாத சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை.

டப்பிங் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் நான் கணித ஆசிரியர். டென்மார்க்குக்கு வந்து, ஓய்வு பெறும்வரை ஒரு நிறுவனத்தில் சப்டைட்டில் போட்டேன். ஒரு வரிக்கு இத்தனை எழுத்து, ஒரு வரி திரையில் இத்தனை விநாடி என்று எண்ணி எண்ணியே கண் கெட்டது. ஓய்வு பெற்று பிராண்டே என்ற சிறு ஊரில் சும்மா இருந்தபோது, எங்கள் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பூசை வைக்கும் சுவாமி வீட்டுக்கு வந்தார். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று அவரிடம் இருந்தது. கறுப்பு வெள்ளை. அப்பா, அம்மா, ஒரு மகன், நிறையச் சிரிப்பொலி.

"இதைத் தமிழில பேச வைக்கோணும், மாஸ்டர்."

"எழுத்துப் போட்டாப் போதாதோ, சுவாமி?"

"பெரியாக்களுக்குக் கண் தெரியாது. பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எழுத்து ஆருக்கு?"

அவர் சொன்னது சரிதான். கிறிஸ்தவ விழுமியங்கள் உள்ள தொடர், குடும்பங்கள் ஒன்றாக இருந்து பார்க்கலாம் என்றார். எனக்கு அதில் சந்தேகம் இருந்ததால் எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு எபிசோட்டுகளில் பதினொன்றில் மேசை ஜெபம் வருகிறது. நான்கில் கோயிலுக்குப் போகிறார்கள். வேதப்புத்தகத்தை ஒருவரும் திறப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு எபிசோட்டிலும் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் ஒருவர் இன்னொருவரின் அறைக் கதவைத் தட்டி, உள்ளே போய், தன் பிழையைச் சொல்கிறார். அந்த இடத்தில் மட்டும் சிரிப்பொலி வராது. சுவாமி சொன்ன விழுமியம் அதுதான் என்று விளங்கிக்கொண்டேன். பெரும்பாலும் மகன் அப்பாவிடம் சொல்கிறான், அல்லது அம்மா அப்பாவிடம். அப்பா மகனிடம் சொல்வது ஒரே ஒரு எபிசோட்டில். அதுதான் பதினேழு.

2. குரல்கள்

அப்பாவின் குரல் சேவியர். காற்றாலைத் தொழிற்சாலையில் இறக்கை செய்யும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பூசையில் வாசகம் வாசிப்பவர் அவர்தான். மைக் இல்லாமலே கோயிலின் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும். மகனின் குரல் அவருடைய மனைவி றீற்றா. டப்பிங்கில் சிறுவர்களுக்குப் பெண்கள் பேசுவது வழக்கம். இங்கே பிறந்த எந்தப் பையனாலும் எங்கள் வசனத் தாளை வாசிக்க முடியவில்லை என்பதும் ஒரு காரணம். றீற்றாவின் குரல் மெல்லியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பத்து வயது.

நாங்கள் கூடும் மண்டபத்தின் கீழறையில் சுவரெல்லாம் பழைய டீன (பஞ்சுக்குப் பதிலாக இறகு அடைத்த தடித்த போர்வை) தொங்கவிட்டு ஒலிப்பதிவு அறை ஆக்கினோம். பழைய படத்தில் பேச்சும் சிரிப்பும் ஒரே ஒலித்தடத்தில் இருக்கும். பேச்சை எடுத்தால் சிரிப்பும் போய்விடும். ஆகவே பேச்சில்லாத இடங்களிலிருந்து சிரிப்புகளை வெட்டி, பதினான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். வேண்டிய இடத்தில் வேண்டிய சிரிப்பை ஒட்டுவேன்.

பதினேழாவதில் கதை இதுதான். மகன் பொய் சொன்னான் என்று நினைத்து அப்பா அவனைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பி அறைக்கு அனுப்புகிறார். பிறகு அவன் சொன்னது உண்மை என்று தெரிகிறது. அப்பா அறைக்குப் போய்க் கட்டில் விளிம்பில் இருந்து மன்னிப்புக் கேட்கிறார். படத்தில் அவருடைய வாய் ஏழு முறை அசைகிறது. நான் எழுதிய தமிழ் வசனம், "பிழை என்னில, மகன். மன்னிச்சுக்கொள்." பதினொரு அசைவு வரும். வேகமாகச் சொன்னால் உள்ளே அடக்கலாம்.

சேவியர் தாளைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், இது வேண்டாம். அப்பன் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேக்கிறது எங்கட முறையோ?"

"படத்தில கேக்கிறார், சேவியர்."

"அது வெள்ளைக்காரன். வெட்டி விடுங்கோ."

"முகத்தைக் கிட்டக் காட்டுறான். வாய் அசையுது. எப்பிடி வெட்டுறது?"

அவர் படத்தை இன்னொரு தரம் ஓடவிடச் சொன்னார். தானும் வாயை அசைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சாப்பிட்டியோ? வா, மகன்."

நான் எண்ணினேன். ஏழு. உதட்டில் ஒட்டினாற்போல் பொருந்தியது. மூலையில் இருந்த சுவாமி வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்கட அப்பாவும் இதைத்தான் சொல்லுவார், மாஸ்டர். அடிச்சுப்போட்டு அரை மணித்தியாலத்தால வந்து சாப்பிட்டியோ எண்டு கேப்பார். எங்களுக்கு விளங்கும்."

எனக்கும் விளங்கும். எங்கள் தகப்பன்மாருக்குத் தெரிந்த மன்னிப்பு அது ஒன்றுதான். தொழில்முறையில் பார்த்தாலும் அது நல்ல வசனம். சரி, பதிவு செய்வோம் என்றேன்.

3. பதில் வசனம்

சேவியர் சொன்னார். நன்றாக வந்தது. அடுத்து மகன், "பரவாயில்லை, அப்பா" என்று சொல்ல வேண்டும். றீற்றா பேசவில்லை. படம் ஓடி முடிந்தது. திரும்ப ஓடவிட்டேன். மறுபடியும் பேசவில்லை.

"என்ன றீற்றா, தாள் மாறிப் போச்சோ?"

"தாள் சரி, மாஸ்டர். அவர் சாப்பிட்டியோ எண்டுதானே கேட்டவர். கேக்காத மன்னிப்புக்கு நான் எப்பிடிப் பரவாயில்லை எண்டுறது?"

"உது படமப்பா. தாளில இருக்கிறதை வாசியும்," என்றார் சேவியர்.

"தாளில இருந்ததை வாசிக்காதது நீங்கள்."

சுவாமி செருமினார். றீற்றா அவரைப் பார்க்கவில்லை.

"பேரப்பிள்ளையின்ர ஞானஸ்நானத்தண்டும் இதைத்தானே செய்தனீங்கள். மகள் கோயில் வாசலால வெளியில வர, கார்க்குள்ள இருந்துகொண்டு சாப்பிட்டியோ எண்டு கேட்டனீங்கள். அவளுக்கு அது விளங்கேல்லை. எனக்கு விளங்கினது. ஆனா எனக்கே அது போதாது."

எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது, ஒருவரும் பேசுவதில்லை. அவர்களுடைய ஒரே மகள் டிலானி தலைநகருக்குப் பக்கத்திலுள்ள இஷொய்யில் ஒரு டேனிஷ்காரனோடு கலியாணம் இல்லாமல் குடியிருக்கிறாள். குழந்தை பிறந்து, டேனிஷ்காரரின் புரட்டஸ்தாந்துக் கோயிலில் ஞானஸ்நானம் வைத்தார்கள். சேவியர் கடலுக்கு மேலான பெரிய பாலம் தாண்டி அவ்வளவு தூரமும் கார் ஓடி மனைவியைக் கொண்டுபோய் இறக்கினார். அவர் இறங்கவில்லை. சடங்கு முடியும்வரை கார் தரிப்பிடத்தில் இருந்தார். அதன் பிறகு மகள் அவரோடு கதைப்பதில்லை.

வெப்பக்குழாயில் தண்ணீர் ஓடியது. அன்று அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சேவியர் தாளை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். "ஓடவிடுங்கோ, மாஸ்டர்," என்றார்.

"பிழை என்னில, மகன். மன்னிச்சுக்கொள்."

பதினொன்றும் ஏழுக்குள் அடங்கியது. றீற்றா, "பரவாயில்லை, அப்பா" என்றாள். அந்தச் சிறுவனுக்கு அது பொருந்தியது. இரண்டாம் முறை எடுக்கத் தேவை இருக்கவில்லை.

4. மகளின் மறுமொழி

அந்த ஒலிப்பதிவுத் துண்டைத் தனக்கு அனுப்பச் சொல்லி றீற்றா கேட்டாள். அனுப்பினேன். அவள் அதை மகளுக்கு அனுப்பியிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது டிலானியின் அழைப்பு வந்தது. றீற்றா போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கவிட்டாள். வேண்டுமென்றுதான் செய்தாள் என்று நினைக்கிறேன்.

"கேட்டனியோ, பிள்ளை?"

மகள் டேனிஷில் மறுமொழி சொன்னாள். கேட்டேன், அது தொலைக்காட்சி, அப்பா ஒரு தாளைப் பார்த்து வாசிக்கிறார் என்றாள்.

"தாள் எண்டாலும் சொன்னவர்தானே?"

பிறகு சொன்னதை அவள் தமிழில் சொன்னாள். மெதுவாக, சொல் தேடித் தேடி.

"அம்மா, அது அப்பா பூசையில வாசிக்கிற குரல். அப்பான்ர வீட்டுக் குரல் எனக்குத் தெரியும். அந்தக் குரலில வந்து சொல்லட்டும். நான் கதவு திறப்பன்."

சேவியர் தேநீர்க் கோப்பையைக் கழுவ எழுந்து போனார். கழுவி முடிக்க வெகுநேரம் எடுத்தது. வந்து, "வாற ஞாயிறு போறன்," என்றார்.

போனார்கள். நடந்ததை றீற்றாதான் பின்னர் எனக்குச் சொன்னாள். குடியிருப்புத் தொகுதியின் கார் தரிப்பிடத்தில் நிறுத்தினார். "நீர் முதல் ஏறிப் போம், நான் வாறன்," என்றார். றீற்றா மாடிக்குப் போய்க் காத்திருந்தாள். அவர் வரவில்லை. கடைசியில் டிலானி குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுத் தானே கீழே இறங்கிப் போனாள். றீற்றா ஜன்னலால் பார்த்தாள். மகள் கார்க் கதவருகே நின்றாள். கண்ணாடி இறங்கியது. பிறகு அவர் ஏதோ சொன்னார், அவள் ஒரு சொல் சொன்னாள், திரும்பி வந்துவிட்டாள்.

"என்ன பிள்ளை சொன்னவர்?" என்று றீற்றா கேட்டிருக்கிறாள்.

"சாப்பிட்டியோ எண்டு கேட்டார்."

"நீ?"

"டேனிஷில யா எண்டு சொன்னன்."

5. படித்தது

சேவியர் இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறார். இருபத்தோராவது எபிசோட் வரை வந்துவிட்டோம். மேசை ஜெபங்களை அவரைப்போல் ஒருவரும் சொல்ல முடியாது. தேநீர் நேரத்தில் போன் அடித்தால் மட்டும் தலையைத் திருப்புகிறார். டிலானியின் அழைப்பை றீற்றா இப்போது வெளியே போய்த்தான் எடுக்கிறாள்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இந்தத் தொடர்களில் ஒருவர் கதவைத் தட்டும்போதே, உள்ளே இருப்பவர் சொல்ல வேண்டிய பதிலும் தாளில் எழுதியிருக்கும். அதனால்தான் இரண்டு நிமிடத்தில் முடிகிறது. வீட்டில் அடுத்தவரின் வசனம் நம் கையில் இல்லை. நம்முடையதை மட்டுமாவது நம் குரலில் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். எழுபது வயதுக்கு மேல் அது வருமென்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று, தொழில் சம்பந்தமானது. மன்னிப்புக் கேட்ட பிறகு, பதில் வரும்வரை படத்தில் இரண்டு விநாடி வெறுமையாக இருக்கும். பழக்கதோஷத்தில் அங்கே ஒரு சத்தத்தை ஒட்டத் தோன்றும். என்னிடம் பதினான்கு சிரிப்பு இருக்கிறது. ஒன்றையும் ஒட்டாதீர்கள்.