சர்ச் வரும் பக்கம்

ஞாயிறு காலை ஆறரை மணி. மாதனூரில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக ஒரு பெண் என் பக்கத்தில் நிற்கிறார். நீலக் கம்பெனிக் கோட்டுக்குள் வெள்ளைப் புடவை. டிபன் பையில் பைபிள்.

"ஞாயித்துக்கெழமையும் வேலையா?"

"ஷிப்மெண்ட் சார். இன்னிக்கு சர்ச்சுல திருவிருந்து, அதான் வெள்ளை கட்டினேன். பஸ் அந்தப் பக்கமாத்தான் போவும். ஜன்னலாண்ட குந்திக்கினு ஜெபம் பண்ணிக்குவேன்."

"கடைசியா சர்ச்சுக்குள்ள எப்போ போனீங்க?"

யோசிக்கிறார். "வீட்டுக்காரர அடக்கம் பண்ணப்போ. அன்னிக்கு லீவு குடுத்தாங்க."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் வருகிறது.

பஸ் வந்து நிற்கிறது. சர்ச் வரும் பக்கத்து ஜன்னல்களில் ஏற்கெனவே வெள்ளைப் புடவைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் ஏறி, நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.