கண்டக்டர் அக்கா சொன்ன பிறகுதான் மணி அடிக்கும்

என் மகளின் வகுப்பில் ஒருவர் மட்டும் உட்காரவே மாட்டார். நாற்காலி போட்டுக் கொடுத்தால் அதில் தன் பையை உட்கார வைத்துவிட்டு, கால்களைச் சற்று அகட்டி, ஜன்னல் ஓரம் சுவரில் ஒரு கையை ஊன்றி நிற்பார். தரை எந்த நேரமும் ஒரு குலுக்குக் குலுக்கும் என்று எதிர்பார்க்கிற நிற்பு அது. பாதி வாழ்க்கையைத் தனியார் பஸ்ஸில் கண்டக்டராகக் கழித்தவர். பஸ் கம்பெனியை இழுத்து மூடிய பிறகு, சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு உதவியாளராகப் பள்ளிக்கு வந்தார். சாக்பீஸைக்கூட மடித்த நோட்டு மாதிரி விரலிடுக்கில்தான் செருகிக்கொள்வார். பிள்ளைகள் வேறு என்ன பெயர் வைக்கும்? கண்டக்டர் அக்கா.

நன்றி என்ற சொல்லைச் சும்மா சும்மா வாரி இறைக்கிற ஆள் இல்லை நான். என் வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். ஆனால் இந்த அக்காவுக்கு எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் பாக்கி இருப்பதாகவே படுகிறது.

என் மகளுக்கு ஒன்பது வயது. பேச்சு குறைவு. தேவைக்கு ஒரு சொல், மனசு வந்தால் இரண்டு. திடீர்ச் சத்தம் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. முதல் வருடம் பள்ளி மணி அடிக்கிறபோதெல்லாம் பெஞ்சுக்கு அடியில் புகுந்து தலையைத் தரையில் முட்டிக்கொள்வாள். எனக்குப் போன் வரும். தையல் கடையில் பாதிச் சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடுவேன். "இன்னொரு தடவை ஓடினா, அப்படியே ஓடிரும்மா" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். தலைமையாசிரியையோ, "வீட்லயே வெச்சுக்கோங்களேன். உங்களுக்கும் கஷ்டம், அவளுக்கும் கஷ்டம்" என்றார். 'எங்களுக்கும்' என்பதை மட்டும் மரியாதைக்காக விழுங்கிக்கொண்டார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் இருந்தது அவ்வளவுதான். சிறப்பாசிரியர் ஒருவர், அவரும் நான்கு பள்ளிகளுக்குப் பொது, எங்களுக்கு வாரத்தில் ஒரு காலை வருவார். சிறப்பு அறை என்று பலகை மாட்டிய இடத்தில் உடைந்த பெஞ்சுகள் குடியிருந்தன. படம் போட்ட அட்டைகள், மரக்கட்டைகள், தொட்டுப் பார்க்கும் பொம்மைகள் எல்லாம், பிள்ளைகள் உடைத்துவிடும் என்று பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. கண்டக்டர் அக்கா வந்த வாரமே தலைமையாசிரியையிடம் போய் நின்றார். "பூட்டி வெச்சா புதுசாவே இருக்கும் டீச்சர். ஆனா யாருக்காகப் புதுசா இருக்கணும்?" அன்றே சாவி அக்காவின் இடுப்புக்கு வந்துவிட்டது.

அதன் பிறகு எனக்குப் போன் வருவது நின்றது. ஒருநாள் சந்தேகம் தாங்காமல் போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அக்கா குனிந்து என் மகளின் காதில் ஏதோ சொன்னார். உடனே மணி அடித்தது. என் மகள் பென்சிலைக்கூடக் கீழே வைக்கவில்லை. என்ன மந்திரம் போட்டார் என்று நான் கேட்கவில்லை. ஓடுகிற வண்டியை நிறுத்தி எதற்குப் பார்க்க வேண்டும்?

இப்படி இருக்கையில்தான் மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. விருந்தாளி வந்தால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோமே, அப்படித்தான் செய்தோம். நான் மகளுக்குப் புது ரிப்பன் கட்டி அனுப்பினேன். வகுப்பாசிரியை அவளை முன் பெஞ்சில் உட்கார வைத்து, "கூட்டமாத் தெரியும், நீங்க கொஞ்சம் வராந்தாவுல நில்லுங்கக்கா" என்றார். அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. மணி அடிக்கும் பெரியவரிடம், "இன்னைக்கு மணி வேணாம்ணே, வாசல்ல வந்து கையைக் காட்டிட்டுப் போங்க" என்று சொல்லி வைத்திருந்தார். எல்லாம் அமைதியாக நடந்தது. அதிகாரிக்குப் பரம திருப்தி. பத்து நாளில் உத்தரவு வந்தது: பிள்ளை நன்றாகத் தேறிவிட்டாள், இனி உதவியாளர் தேவையில்லை, அவரை வேறு பள்ளிக்கு மாற்றலாம்.

எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம்.

வகுப்பாசிரியை அலைந்து திரிந்து, அதிகாரி இன்னொரு முறை வந்து பார்க்கச் சம்மதம் வாங்கினார். கையோடு ஒரு யோசனையும் சொன்னார். அன்றைக்கு அக்கா லீவு போடட்டும், மணி அடிக்கட்டும், நடப்பதை அதிகாரி கண்ணால் பார்க்கட்டும். அவள் பெஞ்சுக்கு அடியில் தலையை முட்டிக்கொண்டது என் கண்ணில் வந்து நின்றது. ஆனாலும் தலையாட்டினேன். ஒருநாள் அழுகையோடு போகட்டும், வருடம் முழுக்க நிம்மதி கிடைக்குமே.

அக்கா ஒப்பவில்லை.

"அவளை அழவிட்டு நான் இங்க இருக்கணுமா? அதுக்கு மாத்தலாகியே போயிடறேன்."

எனக்கு எரிந்தது. "உங்களுக்கென்னக்கா, எங்க போனாலும் வேலை! நான் வேலையை விட்டுட்டு இவளோட நாலு சுவத்துக்குள்ள உட்காரணும்!"

"கத்தும்மா, கத்து. சில்லறைக்காக என் சட்டையைப் பிடிச்சவங்களையே பார்த்தவ நான்" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "நான் வாயை மூடிக்கிட்டுச் செய்யறதாலதானே யாருக்கும் தெரியல? வாயைத் திறந்து செஞ்சாப் போச்சு."

அதிகாரி வந்த அன்று நானும் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். அக்கா வழக்கம்போல ஜன்னல் ஓரம் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பல வருடமாக உள்ளே மடித்து வைத்திருந்த கண்டக்டர் குரலை எடுத்தார்.

"ஃபேன் போடப் போறாங்க. சத்தம் வரும். நான் இருக்கேன்."

ஃபேன் கடகடவென்று சுற்றியது. என் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"பின்னாடி ஒருத்தன் டப்பாவை மூடப் போறான். சத்தம் வரும். நான் இருக்கேன்."

"லாரி ஒண்ணு திரும்புது, ஹாரன் அடிப்பான். சத்தம் வரும். நான் இருக்கேன்."

"சார் இருமப் போறாரு!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. வாயருகே கையைக் கொண்டுபோன அதிகாரி அப்படியே உறைந்து, அனுமதி கேட்பவர் போல அக்காவைப் பார்த்துவிட்டு இருமினார்.

அந்த வகுப்பு முடியும்வரை அக்காவின் வாய் ஓயவில்லை. கடைசியில், "பெரியவர் ஸ்டூலை விட்டு எழுந்துட்டாரு. மணி அடிக்கும். நான் இருக்கேன்" என்றார். மணி அடித்தது, என் மகள் படத்திலிருந்து நிமிரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்தால் ஜன்னல் வழியே அந்த ஸ்டூல் தெரியாது. அதற்காகத்தான் இத்தனை நாளும் இந்த மனுஷி நின்றிருக்கிறார்.

"தினமும் இவ்வளவு சொல்றீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"இதேதான் சார். காதுக்குள்ள சொல்லுவேன். சொல்லிட்டு வந்தா அவளுக்கு எந்தச் சத்தமும் பயமில்ல."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்களை மாத்தச் சொன்ன பள்ளியில ஒரு பையன் ஆள் இல்லாம வீட்லயே இருக்கான்மா. நான் என்ன செய்ய?"

"ஒரு டிக்கெட்டை ரெண்டு பேருக்குக் கிழிச்சுக் குடுக்கக் கூடாது சார். அவனுக்கும் ஒரு ஆளைப் போடுங்க. நானே வந்து பழக்கி விடறேன்."

உத்தரவு ரத்தானது. அந்தப் பையனுக்கு ஆள் போட இழு இழு என்று இழுத்தார்கள், ஆனாலும் போட்டார்கள். சனிக்கிழமைகளில் அக்கா அங்கே போய்ப் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறார்.

போன வாரம், வீட்டில் மிக்சியைப் போடப் போனேன். எப்போதும் மகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுத்தான் போடுவேன். அன்று ஏதோ அவசரம், மறந்துவிட்டேன். சுவிட்சுக்குக் கை போவதைப் பார்த்ததும் அவள் ஓடி வந்தாள். நுனிக்காலில் எம்பி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினாள். அவள் காதை அல்ல, என் காதை.

"சத்தம் வரும்மா. நான் இருக்கேன்."

இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. மிக்சியைப் போடாமல் அப்படியே நின்று அழுதேன்.

மறுநாள் மாலை பள்ளி விட்ட பிறகு கண்டக்டர் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.