அழித்த பிறகு ஓடிய தூரம்

ஜெகதீசன் பேச்சை எடுத்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வரும். பாதி அவன்மேல், பாதி என்மேல்.

குன்னூரில் எனக்கு ஒரு வொர்க்‌ஷாப் இருக்கிறது. செல்லதுரை என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்வார்கள். ஜெகதீசன் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடமாக டிரைவர். அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்தவர்கள். கொழுந்து மூட்டை, உரம், காய்ச்சல்காரர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள், எல்லாம் அவனுடைய டீசல் பிக்கப்பில்தான். குடியிருப்பது எஸ்டேட் கொடுத்த லைன் வீடு, வரிசையில் ஒன்று. வேலை போனால் முப்பது நாளில் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவனுக்கும் பெண்டாட்டி வாசுகிக்கும் அதைவிட்டால் போக்கிடம் கிடையாது.

போன வருடம் மே மாதம், டேஷ்போர்டில் எஞ்சின் லைட் எரிகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தான். ஸ்கேனரைச் செருகினேன். பி2463 என்று ஒரு கோளாறு கோட் காட்டியது. புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். வண்டி சமதளத்தில் அறுபது வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் அந்தக் கரி தானாகவே எரிந்துவிடும். நம் மலையில் அப்படி ரோடு எங்கே இருக்கிறது? எஸ்டேட் பாதையில் முதல் கியர், இரண்டாம் கியர், அவ்வளவுதான்.

"வாரம் ஒருக்கா மேட்டுப்பாளையம் எறங்கி, காரமடை ரோட்ல ஓட்டிட்டு வா. இல்லைன்னா அரை நாள் இங்க விடு, மெஷின் போட்டு எரிச்சுத் தர்றேன்" என்றேன்.

மேனேஜருக்குப் போன் போட்டுக் கொடுத்தான். கொழுந்து குவிந்து கிடக்கிறதாம், அரை நாள் வண்டியை விட முடியாதாம். "அந்தக் கோட் நம்பரை அழிச்சு விடுங்க, போதும்" என்றார். அழித்தேன். நான் செய்த முதல் தப்பு அது.

அடுத்த வாரமே மேனேஜர் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனர் வாங்கி, ஜெகதீசன் போனில் அதற்கான ஆப் ஒன்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டார். லைட் எரிந்தால் அவனே அழித்துக்கொள்ள வேண்டும். காலையில் பல் தேய்ப்பதுபோல் தினமும் அழித்தான்.

"கரி உள்ளயேதானடா இருக்கு! ஒரு நாள் எஞ்சினே பவரைக் கொறச்சுக்கும்" என்று கத்தினேன்.

"தெரியுமுங்கண்ணா. அழிக்க மாட்டேன்னு நான் சொல்லீட்டா, அழிக்கறதுக்கு வேற ஆளு வருவானுங்க."

"எப்படியோ போ" என்று விட்டுவிட்டேன். இது என் இரண்டாவது தப்பு.

ஆகஸ்ட் மழையில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சுகுணாவைக் காட்டெருமை முட்டித் தூக்கிப் போட்டது. ஜெகதீசனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. வலது கால் நசுங்கி ரத்தம் நிற்கவில்லை. பிக்கப்பில் ஏற்றிக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் பவர் இறங்கியது. மிதித்தால் பதினைந்துக்கு மேல் போகவில்லை. ஒரு மணி நேரப் பாதைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. உயிர் பிழைத்தாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

வண்டி ஏன் இழுக்கவில்லை என்று எஸ்டேட்டில் ரிப்போர்ட் கேட்டு, ஆஸ்பத்திரியிலிருந்தே வண்டியை என்னிடம் அனுப்பினார்கள். ஸ்கேனரைப் போட்டேன். பழைய கோட் மறுபடி வந்திருந்தது. கூடவே ஒரு வரி: கோட் அழித்த பிறகு ஓடிய தூரம், இருபத்தாறு கிலோமீட்டர். எஸ்டேட்டிலிருந்து குன்னூருக்கு அதே இருபத்தாறு. அன்று எஸ்டேட்டைவிட்டுக் கிளம்பும் முன்புதான் கடைசியாக அழித்திருக்கிறான்.

ஜெகதீசன் எட்டிப் பார்த்தான். முகம் செத்துப்போய்விட்டது.

"ஏனுங்கண்ணா, இந்த இருபத்தாறை அழிக்க முடியாதுங்களா?"

"அழிச்சா பூஜ்யம் காட்டும். இப்பத்தான் யாரோ அழிச்சிருக்காங்கன்னு அதுவே சொல்லும்."

"மேனேஜர் சொல்லித்தான் செஞ்சேன்னு எழுதுங்க."

"எழுத்துல ஏதாச்சும் குடுத்தாரா?"

"வாயிலதானுங்க சொன்னாரு. போன் என்னுது. அழிச்சது இந்தக் கையி."

ஸ்கேனர் காட்டியதை உள்ளபடி எழுதினேன். மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மேஜை டிராயரில் பூட்டிவிட்டு, அவனைக் கூப்பிட்டு, "நீ பேசாத வரைக்கும் இது வெளிய வராது" என்றாராம். அடப்பாவி! வேலையும் தப்பியது, வீடும் தப்பியது. இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறான்.

ஆனால் அவனால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. சுகுணாவின் புருஷன் பாலகுமார் பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஜெகதீசண்ணன் இல்லாட்டி எம்பொண்டாட்டி பொழச்சிருக்க மாட்டா" என்பான். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் வந்துவிடும். நடுவில் ஒரு சுவர்தான். அவள் கட்டையை ஊன்றி நடக்கிற சத்தம் இவனுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, "சொல்லிப்புட்டனுங்கண்ணா" என்றான். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்து, பாலகுமார் சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து, சுகுணா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான்.

"அவ என்னடா சொன்னா?"

"'தெரியுமுங்கண்ணே, தெனமும் காலையில வண்டில நீங்க போனை வச்சுட்டு லைட்டை அழிக்கறதை லைன்ல எல்லாரும் பாக்கறோமே' அப்படின்னா."

அவனே மெதுவாகத் தொடர்ந்தான்.

"வேற யாருகிட்டயும் சொல்லீராதீங்கண்ணேன்னு கையெடுத்துக் கும்புட்டாளுங்க. கேசு கீசுன்னு போகாம இருந்தா, கொழுந்து பறிக்காட்டியும் லைன் ஊட்டுலயே இருந்துக்கலாம்னு அவகிட்டயும் மேனேஜர் சொல்லியிருக்காருங்க."